அளவு ஜாக்கெட் யாருடையது? உடை, ஸ்மார்ட் வாட்ச், ஆண் பெண் அடையாளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. டார்ட் பிடிப்பதில் ஆரம்பித்து மகனுடைய கம்மல், மருமகளின் சுடிதார், கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் என்று பேச்சு எங்கெங்கோ போகும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

உடை என்பது துணிதானே? அதில் போய் அடையாளம், உரிமை என்றெல்லாம் ஏன் பேச வேண்டும்?

நாம் உட்கார்ந்திருக்கிற ஊர் அப்படி. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்களும் அவர்களைப் போல ஒடுக்கப்பட்ட மற்ற சாதிப் பெண்களும் மேல்சாதிக்காரர்கள் முன்னால் மார்பை மூடக் கூடாது என்பது வழக்கம் மட்டுமல்ல, சட்டத்தின் துணையோடு நடந்த கட்டாயம். 1813இல் திருவிதாங்கூர் திவானாக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் மன்றோ, கிறிஸ்தவர்களாக மாறிய பெண்கள் குப்பாயம் என்ற தளர்ந்த மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். தோள்சீலை மட்டும் கூடாது, ஏனென்றால் அது மேல்சாதிப் பெண்களின் அடையாளம். அந்த ஒரு முழம் துணிக்காகத்தான் பெண்களைச் சந்தையில் மடக்கிச் சட்டையைக் கிழித்தார்கள், பள்ளிக்கூடங்களையும் ஜெபக்கூடங்களையும் எரித்தார்கள். 1858, 59இல் கலவரம் மறுபடி பெரிதாக வெடித்தது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மகாராஜா நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். அப்போதும் 'மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது' என்ற நிபந்தனை போகவில்லை.

இதே காலத்தில்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. நான் பாபின் மாற்றக் கற்றுக்கொடுக்கிற ஒவ்வொரு புது வகுப்பிலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவேன்.

அது சாதிப் பிரச்சினை. ஆண் பெண் விஷயத்தோடு எதற்குச் சேர்க்கிறீர்கள்?

பிரிக்க முடியாது என்பதால். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கத்தில் இருந்த சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் வேட்டியை முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ உடுத்தக் கூடாது. கோட், சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது என்பதைத் தவிர்த்தால் மற்ற எல்லாமே உடம்பைப் பற்றியவை.

பட்டியலை இன்னொரு தடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஆணுக்குத் தனித் தடை, பெண்ணுக்குத் தனித் தடை. அவனை ஊர் மதிக்கிற ஆணாகத் தெரிய விடவில்லை, அவளை ஊர் மதிக்கிற பெண்ணாகத் தெரிய விடவில்லை. சட்டையும் கிராப்பும் 'ஆம்பளை'க்கு அடையாளம், ரவிக்கையும் பூவும் 'பொம்பளை'க்கு அடையாளம் என்று வைத்துவிட்டு, அந்த அடையாளமே உனக்குக் கிடையாது என்றார்கள். ஆண், பெண் என்பது பிறப்போடு முடிந்துபோன விஷயமாக இருந்தால் ஒரு பனியனைத் தடுக்க இத்தனை பாடுபட்டிருக்க வேண்டியதில்லை.

காந்தி உடையைக் குறைத்தார், அம்பேத்கர் கோட் சூட் போட்டார். இதில் யார் செய்தது சரி?

இரண்டு பேரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள், நின்ற இடம்தான் வேறு. காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, முழு வேட்டிக்கு வழியில்லாத ஏழைகளை நினைத்து அரை வேட்டிக்கு மாறினார். சட்டை அவரிடம் இருந்தது, கழற்றினார். அம்பேத்கர் பிறந்த சமூகத்துக்கோ நல்ல துணி உடுத்துவதே குற்றம் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. இருப்பவன் துறந்தால் தியாகம், இல்லாதவன் துறக்க என்ன இருக்கிறது? என் மனசு அந்த நீலக் கோட்டின் பக்கம்தான் சாய்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

வேட்டி கட்டினால் உள்ளே விட மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

தமிழ்நாட்டில் முடியாது. 2014 ஜூலையில் வேட்டி கட்டிப்போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் போட்டது. கிளப், ஹோட்டல், தியேட்டர், மால் மாதிரி இடங்களில் வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் ஓர் ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

என் மகன் ஒற்றைக் கம்மல் போட ஆசைப்படுகிறான். 'பொம்பளை மாதிரி' என்று அவன் அப்பா கத்துகிறார். என்ன சொல்ல?

அவருடைய தாத்தாவுக்கு அப்பா போட்டோ வீட்டில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். பெரும்பாலும் கடுக்கனும் குடுமியுமாகத்தான் இருப்பார். நூறு வருடத்துக்கு முன்னால் நம் ஊரில் கிராப்பு வெட்டிக்கொண்டு வந்தவனைத்தான் வீட்டில் திட்டினார்கள், கடுக்கன் போட்டவனை அல்ல.

இதற்கு இன்னொரு நல்ல உதாரணம் உங்கள் வீட்டுக்காரர் கையிலேயே இருக்கிறது. கைக்கடிகாரம். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் மணிக்கட்டில் கடிகாரம் கட்டுவது பெண்கள் வளையல் போடுகிற மாதிரி. 1868இல் படேக் பிலிப் நிறுவனம் கைக்கடிகாரம் செய்துகொடுத்ததே ஹங்கேரியைச் சேர்ந்த ஒரு சீமாட்டிக்குத்தான். ஆண் என்றால் சங்கிலி போட்ட பாக்கெட் கடிகாரம். அதை மாற்றியது போர். பதுங்குகுழியில் ஒரு கையில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் பீரங்கி சுட ஆரம்பிக்கும் என்று பார்க்க, கோட்டுக்குள் கை விட்டு எடுக்க நேரம் இல்லை. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் திரும்பியபோது கைக்கடிகாரம் வீரனின் பொருளாகிவிட்டது. அப்புறம் நம் ஊரில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்ச் போடுவது சீர் வரிசையில் சேர்ந்துகொண்டது. ஒரே பொருள், ஒரே மணிக்கட்டு, ஐம்பது வருடத்தில் பெண் நகை ஆண் அடையாளம் ஆகிவிட்டது. கம்மல் எந்தப் பக்கம் போகும் என்று இன்றைக்கே தீர்ப்பு எழுத அவசியம் இல்லை.

பெண்கள் உடையில் ஏன் பாக்கெட் இல்லை?

ஒரு காலத்தில் இருந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பெண்கள் பாவாடைக்கு உள்ளே நாடா கட்டிய பெரிய பைகளை இடுப்பில் கட்டியிருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டு முடியும்போது உடம்போடு ஒட்டிய மெல்லிய கவுன் வந்தது, பை துருத்திக்கொண்டு தெரிந்தது, எடுத்துவிட்டு கையில் ஒரு குட்டிப் பையைக் கொடுத்தார்கள். ஆணின் கோட்டில் மட்டும் பாக்கெட் கூடிக்கொண்டே போனது. நமக்குச் சுருக்குப்பை இருந்தது. என் ஆச்சி வெற்றிலை, சில்லறை, சாவி எல்லாம் அதில் போட்டு இடுப்பில் செருகியிருப்பார், யாரிடமும் காசு கேட்டு நின்றதே இல்லை.

2018இல் அமெரிக்காவில் விற்கிற ஜீன்ஸ்களை அளந்து பார்த்ததில் பெண்களுடைய முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு என்று தெரிந்தது. சுடிதாரில் அதுவும் கிடையாது. பஸ்ஸில் ஒரு கையில் போன், ஒரு கையில் கம்பி, தோளில் பை, அதோடு துப்பட்டாவையும் சரிசெய்ய வேண்டும். பக்கத்தில் நிற்கிற ஆணுக்கு இரண்டு கையும் சும்மா இருக்கும். காசும் சாவியும் வைக்க உடம்பில் இடம் இல்லாதவள் எப்போதும் இன்னொன்றையோ இன்னொருவரையோ சார்ந்துதான் இருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

நாள் முழுக்க நின்று வேலை செய்கிறேன், ஸ்மார்ட் வாட்ச் 'நடந்தது 1,800 காலடி' என்கிறது. பொய் சொல்கிறதா?

அது கை வீசுவதை எண்ணுகிறது. உள்ளே இருக்கும் சில்லு அசைவின் வேகம் மாறுவதைப் பார்த்து, இது நடையின் தாளம் என்று கணக்குப் போடுகிறது. இடுப்பில் குடத்தை அணைத்துக்கொண்டு நடந்தால் கை வீசாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் வீசாது. கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துத் தள்ளினாலும் எண்ணிக்கை குறையும். தையல் மிஷினில் நான் எட்டு மணி நேரம் கால் மிதித்தாலும் என் மணிக்கட்டுக்கு அது தெரியாது. முதல் வாரம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நாம் சோம்பேறியாகிவிட்டோமோ என்று ராத்திரி மொட்டை மாடியில் போய் நடந்தவள்தான் நானும்.

அந்த 10,000 அடி இலக்கும் மருத்துவர்கள் உட்கார்ந்து கண்டுபிடித்தது அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு மான்போ-கெய், அதாவது 'பத்தாயிரம் அடி அளப்பான்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

எங்கள் தொழிலில் புது ஜாக்கெட் தைக்க வருபவர் ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவருவார், அதுதான் அளவு ஜாக்கெட். வேறு யாருடைய அளவு ஜாக்கெட்டையோ வைத்து வெட்டினால் உங்களுக்குக் கைக்குழி பிடிக்கும். அப்போது தப்பு உங்கள் தோளில் இல்லை, வெட்டினவர் எடுத்த அளவில் இருக்கிறது. எந்த வாட்ச் வாங்கினாலும் இது யாருடைய அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டியது என்று கேளுங்கள் என்றுதான் என் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

பெரிய நிறுவனங்கள் எல்லா அளவையும் யோசிக்காமலா இருப்பார்கள்?

நாசாவே யோசிக்கவில்லை. 2019 மார்ச்சில் ஆன் மெக்லைன், கிறிஸ்டினா காக் என்ற இரண்டு பெண்கள் மட்டும் விண்வெளி நிலையத்துக்கு வெளியே போய் வேலை செய்வதாக அறிவித்தார்கள். இரண்டு பேருக்கும் பொருந்துவது மீடியம் மேலுடை. அந்த அளவில் தயார்நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று. ஆன் மெக்லைனுக்குப் பதிலாக ஓர் ஆணை அனுப்பினார்கள். கிறிஸ்டினா காக், ஜெசிக்கா மேயர் இருவரும் சேர்ந்து வெளியே போக அக்டோபர் 18 வரை ஆயிற்று.

வாட்சை முதல்முதலில் ஆன் செய்யும்போது ஆணா பெண்ணா என்று ஏன் கேட்கிறது?

முக்கியமாகக் கலோரிக் கணக்குக்கு. சும்மா படுத்திருந்தாலே உடம்பு எவ்வளவு எரிக்கும் என்பதற்கு 1990இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாடு பரவலாகப் பயன்படுகிறது. எடை, உயரம், வயது எல்லாம் இருவருக்கும் ஒரே மாதிரிதான் போடுவார்கள். கடைசியில் ஆண் என்றால் 5 கூட்டு, பெண் என்றால் 161 கழி. ஒரே எடை, ஒரே உயரம், ஒரே வயது, ஒரு பொத்தான் மாறினால் 166 கலோரி வித்தியாசம். சராசரியில் ஆணுக்குத் தசை கூடுதல் என்பதால் இப்படி. ஆனால் சராசரி என்று ஒரு ஆள் தெருவில் நடந்து வருவதில்லை. மூட்டை தூக்குகிற பெண்ணும் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற ஆணும் அந்தக் கழித்தலுக்குள் காணாமல் போகிறார்கள்.

திருநங்கை, திருநம்பி தோழர்கள் 'எதை அமுக்க?' என்று கேட்பார்கள். இதயத்துடிப்பும் அடி எண்ணிக்கையும் அந்தப் பதிலைப் பொறுத்து எண்ணப்படுவதில்லை, அதனால் உங்கள் மனசுக்குச் சரியானதை அமுக்குங்கள். ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்கள் உணவுக் கணக்கை மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், வாட்ச் காட்டும் கலோரியை நம்பிச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். அந்தக் கேள்வி உங்களை யார் என்று கேட்கவில்லை, ஒரு சூத்திரத்தில் எந்த எண்ணைப் போட என்று கேட்கிறது. ஆனால் கேட்கிற விதம் அப்படி இல்லை என்பதுதான் வலி, அது எனக்குப் புரிகிறது.

கருப்பாக இருந்தால் வாட்ச் சரியாக வேலை செய்யாதா?

வாட்சின் அடியில் பச்சை ஒளி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குக் கீழே ரத்தம் கூடிக் குறைவதை அந்த ஒளி திரும்பி வருகிற அளவை வைத்துத்தான் எண்ணுகிறது. தோலில் இருக்கும் மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும். நிறுவனங்கள் ஒளியைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கின்றன. பச்சை குத்திய மணிக்கட்டில் தடுமாறுவதும் இதனால்தான்.

கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிக்கொண்டோமே ஆக்சிமீட்டர், அங்கே இது உயிர் விஷயம். 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். அதனால் மூச்சு வாங்குகிறது என்று உங்கள் உடம்பு சொன்னால், எண் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

மாதவிடாய் தேதியை ஆப்பில் போட்டுவைப்பது நல்லதா?

உபயோகம் இருக்கிறது, நானும் மறுக்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2014இல் உடல்நலச் செயலியை வெளியிட்டபோது எத்தனையோ விஷயங்களைப் பதியலாம், மாதவிடாயை மட்டும் பதிய முடியாது. ஒரு வருடம் கழித்துத்தான் சேர்த்தார்கள். உலகத்தில் பாதிப் பேருக்கு வருகிற விஷயம் அந்த அறையில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை.

சேர்த்த பிறகு வேறு கவலை. ஃப்ளோ என்ற செயலி, யாருக்கும் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டு பெண்களின் தகவலை ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2021இல் சமரசத்தில் முடித்தது. 2022 ஜூன் 24 அன்று அங்கே கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு ரத்தானதும், இந்தத் தேதிகள் நாளை வழக்கில் சாட்சியாக வருமோ என்று பெண்கள் ஆப்பை அழித்தார்கள். சுவரில் மாட்டிய காலண்டரில் ஒரு புள்ளி வைத்தாலும் வேலை நடக்கும். ஆப்தான் வேண்டும் என்றால், கணக்குத் தொடங்காமல் போனிலேயே சேமிக்கிறதாகப் பாருங்கள்.

மகளுக்கு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கலாமா? பாதுகாப்புதானே?

பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்குங்கள், சொல்லிவிட்டு வாங்குங்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு என்றால் அவளிடம் கேளுங்கள். மகனுக்கும் இதே வாட்ச் வாங்குவீர்களா என்று உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். அபாயம் செய்கிறவன் கையில் எதுவும் கட்டாமல் திரிய, அபாயத்தில் இருப்பவள் கையில் மட்டும் கருவி ஏறுகிறது.

யார் கையில் விரும்பாமலே ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாக்பூர், பஞ்ச்குலா, சண்டிகர் மாநகராட்சிகளில் தூய்மைப் பணியாளர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கண்காணிக்க வாட்ச் கட்டிவிட்டார்கள். சிலவற்றில் கேமராவும் மைக்கும் இருந்தன. கழிப்பறைக்குப் போகும்போதும் யாரோ பார்க்கிறார்கள் என்ற பயத்தைப் பெண் பணியாளர்கள் வெளியே சொன்னார்கள், போராடவும் செய்தார்கள். மேலே சொன்ன 1930 பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒரு சமூகத்தின் உடம்பில் எது ஏறக் கூடாது என்று இன்னொருவர் முடிவு செய்தார். இன்றைக்கும் முடிவு அவர்கள் கையில் இல்லை.

பிறந்தபோது ஆண் என்று எழுதியவர் சேலை கட்டினால் சட்டம் என்ன சொல்கிறது?

1871இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில், வட இந்தியப் பகுதிகளில் பதிவு செய்யப்பட்ட அரவாணிகள் பெண்ணுடையோ நகையோ அணிந்து பொது இடத்தில் தெரிந்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்து இரண்டு ஆண்டு வரை சிறையில் வைக்கலாம். இன்றைக்குச் சட்டம் நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தை உடையால் வெளிப்படுத்துவது அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் கருத்துரிமைக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது.

உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வதையும் மறுநாள் தாலி அறுத்து வளையல் உடைத்து வெள்ளைச் சேலைக்கு மாறுவதையும் பார்த்தவர்களுக்கு, ஒரு சேலை எவ்வளவு பேசும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

திருநம்பிகளுக்கு ஒரு தையல்காரியாக ஒரு வார்த்தை. மார்பை இறுக்க கிரேப் பேண்டேஜ் சுற்றாதீர்கள், மூச்சு விட விட அது இறுகும், விலா எலும்பு தாங்காது. அதற்கென்றே தைத்த பைண்டர் போடுங்கள், எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போது கண்டிப்பாக வேண்டாம். அளவு கொடுக்கக் கூச்சமாக இருந்தால் நீங்களே டேப் வைத்து எடுத்து, எண்ணை எழுதிக் கொண்டுவந்து தாருங்கள், போதும்.

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பேன்ட் சட்டை என்றால் பிரச்சினை தீருமா?

கேரளத்தில் பாலுச்சேரி அரசு மேல்நிலைப் பள்ளியில் 2021 டிசம்பரில் அப்படிக் கொண்டுவந்தார்கள். பஸ் ஏற, ஓட, சைக்கிள் மிதிக்க வசதி என்று பல மாணவிகள் சந்தோஷப்பட்டார்கள், எதிர்ப்பும் வந்தது. எனக்கு அது பிடித்திருக்கிறது, ஒரு குறை உண்டு: பொது உடை என்றாலே ஆணுடைய உடைதான் பொது ஆகிறது, பெண்ணுடைய உடை ஒருபோதும் ஆவதில்லை. என்னிடம் கேட்டால் இரண்டு மூன்று வகை தைத்துவைத்து, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்பேன்.

சரி அக்கா, சுடிதாரில் பாக்கெட் வைக்க எவ்வளவு துணி ஆகும்?

கால் மீட்டர் லைனிங் துணி போதும். டாப்பின் பக்கத் தையலில், இடுப்புக்குக் கீழே ஸ்லிட் ஆரம்பிப்பதற்கு முன்னால், ஆறு அங்குலம் வாய் விடுங்கள். போன் ஏறக்குறைய ஆறரை அங்குல நீளம் இருக்கும், அதனால் பையின் ஆழம் பத்து அங்குலமாவது வேண்டும். பை ஸ்லிட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்காமல் இருக்க அடிப்பக்கத்தை முன்பக்கமாகச் சாய்த்து வெட்டுங்கள், மேல் ஓரத்தை முன்துணியோடு ஒரு தையல் பிடித்துவிடுங்கள், போன் கனத்தில் தொங்காது. வாயின் இரண்டு முனையிலும் மறுதையல் கட்டாயம், அங்கேதான் முதலில் பிரியும். தைக்கக் கொடுப்பவர்கள் துணியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், வெட்டின பிறகு சொன்னால் கஷ்டம்.